ரத்தம் கெட்டியாகட்டும்

கார்த்திகேசனின் காலை உடைத்தே தீருவது என்று லூர்து பிரகாஷ் முடிவு செய்த அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டான்.

ஏனய்யா, அடிதடிக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். வேறொருவன் என்றால் கட்டையைத் தேடுவான், நாலு பேரைச் சேர்ப்பான், ஒரு குவார்ட்டரை உள்ளே தள்ளிக்கொண்டு கிளம்புவான். இவன் கதை வேறு. பள்ளிக்கூடத்து வயதில் மூட்டு மூட்டாக வீங்கி வந்த ஒரு காய்ச்சல் இவன் இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போனது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பாண்டிச்சேரியில் நெஞ்சைப் பிளந்து, பழுதான வால்வை வெட்டியெடுத்து, செயற்கை வால்வு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அந்த வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உயிர் இருக்கும் வரைக்கும் தினம் ஒரு மாத்திரை. ரத்தத்தை உறையவிடாத மாத்திரை. அதைப் போடுகிறவனுக்கு ஒரு கீறல் விழுந்தால் போதும், லேசில் நிற்காது.

அது நிற்காத லட்சணத்தைக் கடலூர் துறைமுகமே பார்த்துச் சிரித்திருக்கிறது. போன வருஷம் மாதா திருவிழாவில், தேருக்கு முதலில் தோள் கொடுப்பது எந்தத் தெரு என்று சண்டை வந்தது. சண்டை என்றால் பிரகாஷ் முன்னால் நிற்பான், அது அவன் பிறவிக் குணம். எதிர்த்தெருக்காரன் ஒருத்தன் இவன் மூக்கில் ஒரே ஒரு குத்து விட்டான். அவ்வளவுதான். சட்டை நனைந்து, வேட்டி நனைந்து, ரத்தம் வடிந்துகொண்டே இருந்தது. குத்தினவனே பயந்துபோய் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். "பிரகாஷத் தொடாதீங்கடா, பஞ்சர் ஆயிடுவான்" என்று அன்றிலிருந்து ஒரே கேலி. வம்புக்கு இழுத்தாலும் எவனும் கையை ஓங்குவதில்லை. ஒரு ஆம்பளைக்கு இதைவிட என்ன கேவலம் வேண்டும் என்று அவன் மனசு வெந்துகொண்டே இருந்தது.

அந்த வேக்காட்டில்தான் நித்யா மேரியின் கை ஒடிந்த விஷயம் வந்து விழுந்தது.

நித்யா அவனுடைய ஒரே தங்கை. சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது, காட்டுமன்னார்கோயில் ரோட்டில் டயர் கடை வைத்திருந்த கார்த்திகேசனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். அம்மா சவரிமேரி ஒரு வருஷம் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. பிரகாஷ்தான் இடையில் நின்று சேர்த்துவைத்தான். சேர்த்துவைத்தவன் கண்ணெதிரிலேயே அந்தப் பயல் அவளை அடித்தான். முதல் தடவை பேசி முடித்தார்கள். அடுத்த தடவை கார்த்திகேசன் கடலூருக்கே வந்து சவரிமேரியின் காலில் விழுந்து ஓவென்று அழுதான். அழுதவனை நம்பித் திருப்பி அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் அம்மா வீட்டுக்கு வருவதையே விட்டுவிட்டாள். ஊர் சிரிக்குமாம். ஊர் என்றைக்குத்தான் சிரிக்கவில்லை?

பிரகாஷுக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி. துறைமுகத்தில் மீன் ஏற்றிச் சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்குவான். அன்றைக்கு இறக்கிவிட்டு, தங்கைக்கென்று எடுத்துவைத்திருந்த சங்கரா மீனோடு அவள் வீட்டுக்குப் போனான். டயர் கடைக்குப் பின்னாலேயே வீடு. கார்த்திகேசன் இல்லை. நித்யா இடது கையால் கதவைத் திறந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. கழுத்தில் விரல் பதிந்த தடம்.

"விழுந்துட்டேண்ணா."

"எது மேல விழுந்த?"

மூலையில் கிடந்த டயர் லிவரை ஒரு தரம் பார்த்தாள். அந்த இரும்பால் அடித்திருக்கிறான். பிரகாஷுக்கு உச்சந்தலை கொதித்தது.

"கெளம்பு. இப்பவே கெளம்பு. அவன் வந்தா நான் பாத்துக்குறேன்."

"இன்னாத்த பாத்துக்குவ? நீ கைய ஓங்குனா அவுரு சும்மா வுடுவாரா? ஒரு கீறு கீறுனா உனக்கு ரத்தம் நிக்காது. என்னால உன் உசுரு போவணுமா? ஆஸ்பத்திரில உன் பக்கத்துல ராவும் பகலுமா உக்காந்தவண்ணா நான். எனக்குத் தெரியும் உன் ஒடம்பு. போயிடு."

அந்தப் பேச்சுதான் அவனைக் குத்தியது. கை ஒடிந்தவள் தனக்குப் பயப்படவில்லை, இவன் ரத்தத்துக்குப் பயப்படுகிறாள். இவன் வந்து கூட்டிப்போக முடியாதவன் என்று தெரிந்துதான் அந்த மிருகம் துணிந்து அடிக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது பிரகாஷ் ஸ்டீயரிங்கைக் குத்திக் குத்தி அழுதான். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் திட்டம் தயார். மாத்திரைதானே ரத்தத்தைத் தண்ணியாக்குகிறது? நிறுத்து. ரத்தம் கெட்டியாகட்டும். கெட்டியானதும் போவோம், அவன் வெட்டினாலும் குத்தினாலும் தாங்குவோம். காலை உடைத்துப்போட்டுவிட்டுத் தங்கையைக் கூட்டிவந்து, மறுநாளே மாத்திரையைத் திரும்பப் போட்டுக்கொள்வோம்.

அடடா, என்ன மூளை! வைத்தியம் படித்தவனுக்கெல்லாம் தோன்றாத யோசனை இந்தப் புத்திசாலிக்குத் தோன்றியது. அதோடு விட்டானா? முருங்கைக்கீரையை நினைத்தபடி தின்னாதே, மாத்திரையின் வேலையை அது கெடுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனாலேயே துறைமுகத்து மெஸ்ஸில் தினமும் கீரையைக் கேட்டு வாங்கி, சோற்றைவிட அதை அதிகமாக அள்ளித் தின்றான். மனைவி ஆரோக்கிய ஜெனிபர் காலையில் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, பல் தேய்க்கிற சாக்கில் துப்பித் தண்ணீர் ஊற்றினான்.

ஜெனிபர் லேசுப்பட்டவள் இல்லை. கல்யாணமான புதிதில், தலையணைக்கு அடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தூங்குகிறானே மனுஷன் என்று தேடிப் பார்த்தவள் அவள். கடிகாரம் அவன் நெஞ்சுக்குள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்த டிக் டிக் சத்தம் கேட்காமல் அவளுக்குத் தூக்கமே வராது. ஒரு விடிகாலையில் அவன் மார்பில் காதை வைத்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, சத்தமே சரியா காணும்? துணியப் போட்டு மூடுன மாரி கேக்குது."

"உன் காதுல அழுக்கு."

"வெளயாடாதீங்க. மாத்திர போடுறீங்களா இல்லியா?"

"நீதான குடுக்குற."

"குடுக்குறேன். முழுங்குறீங்களா?"

"மாதா மேல சத்தியமா முழுங்குறேன், போதுமா?"

பாவி. மாதா மேல் சத்தியம் பண்ணினான். அதற்கு மேல் அந்தப் பெண் என்ன கேட்பாள்? அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்த சனியன் வாயை மூடிக்கொண்டது, மருந்தின் வீரியம் உடம்பைவிட்டு இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டான். வால்வின் மேல் ரத்தம் உறைந்து உறைந்து படிகிறது, திறந்து மூட வேண்டிய இதழ் அசைய முடியாமல் திணறுகிறது என்று யார் போய் அவனுக்குச் சொல்வது? மீன் பெட்டி ஒன்றைத் தூக்கினால் மூச்சு இரைத்தது. மல்லாந்து படுத்தால் நெஞ்சை அடைத்தது. கோபத்தில் மூச்சு முட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கோலி சோடா வாங்கிக் குடித்து ஏப்பம் விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஜெனிபர் போன நேரம் பார்த்து வண்டியை எடுத்தான். ஜாக்கி ராடு சீட்டுக்கு அடியில் இருந்தது. வழியெல்லாம் இருமல். இருமலோடு சிவந்த நுரை வந்ததைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். வெயில் ஏறிய நேரத்தில் டயர் கடை வாசலில் நிறுத்தினான். ரோட்டில் கூட்டமில்லை. எதிரே டீக்கடை போட்டிருக்கும் தைலம்மாள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகேசன் கடைக்குள் குத்துக்காலிட்டு லாரி டயர் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"வா மச்சான். இன்னா, மூச்சு வாங்குது? மாடிப்படி எதுவும் இல்லியே நம்ம கடையில."

பிரகாஷ் கையோடு கொண்டுவந்திருந்த ராடை ஓங்கி வீசினான். முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பில் இரும்பு மோதும் சத்தம் தகரக் கூரைவரை போனது. கார்த்திகேசன் டயரின் மேலேயே சாய்ந்தான். எழுவதற்குள் அடுத்த அடி தாடையில். ஒரு பல் தெறித்து விழுந்து கிரீஸில் ஒட்டிக்கொண்டது.

"என் தங்கச்சி கைய ஒடச்சியாடா? இரும்பால அடிச்சியாடா, நாயே? இந்தா, வாங்கு!"

கார்த்திகேசன் தரையில் புரண்டபடியே டியூப் அறுக்கும் கத்தியைக் கையில் எடுத்தான். எடுத்த வேகத்தில் வீசினான். பிரகாஷின் முன்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்தது. பிரகாஷ் ஒரு நொடி நின்று அந்தக் காயத்தைப் பார்த்தான். ரத்தம் குபுக்கென்று வந்தது. வந்து, திருவிழாவில் கொட்டிய மாதிரி கொட்டாமல், கொழகொழவென்று மெதுவாக இறங்கியது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தியாடா? பஞ்சர் ஆவல! பாத்தியா?"

கத்தியை உதைத்துத் தள்ளினான். கார்த்திகேசனின் மார்பில் காலை வைத்து மிதித்தான். மிதிபட்டவன் இரண்டு கையையும் தூக்கி, "வேணாம் மச்சான், வேணாம்" என்று கதறினான். முட்டி கண்ணுக்கு நேரே கிடந்தது. ஒரே அடி, அந்தக் கால் இனிமேல் எவளையும் துரத்தாது. பிரகாஷ் ராடைத் தலைக்கு மேல் ஓங்கினான்.

ஓங்கின கை கீழே தொங்கியது.

அவன் இறக்கவில்லை. அதுவாகத் தொங்கியது. ராடு நழுவி அவன் பாதத்தின் மேலேயே விழுந்தது, வலிக்கக்கூட இல்லை. என்ன இது என்று கையைப் பார்த்தான். விரலை மடக்கச் சொன்னான், மடங்கவில்லை. "எழுந்திருடா" என்று கத்த வாயைத் திறந்தான். ஊளை மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கால் மடிந்து, அவன் அப்படியே டயர்களின் நடுவில் சரிந்தான். வால்வில் உறைந்திருந்த கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு ரத்தத்தோடு மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். கார்த்திகேசனுக்கு அதெல்லாம் தெரியாது. நடிக்கிறான் என்று முதலில் நினைத்தான். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தான். அப்புறம் எழுந்தான்.

எழுந்து உதைக்க ஆரம்பித்தான். விலாவில் உதைத்தான், வயிற்றில் உதைத்தான், பிளந்து தைத்த அந்த நெஞ்சில் குதிகாலால் உதைத்தான். வாயிலிருந்த ரத்தத்தை அவன் முகத்திலேயே துப்பினான். பிரகாஷுக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. கையைத் தூக்கி முகத்தை மறைக்கக்கூட முடியவில்லை. அடிக்க வந்தவன் அடிவாங்கிக்கொண்டு கிடந்தான்.

பின்கட்டிலிருந்து நித்யா ஓடிவந்தாள். அண்ணன் வாய் கோணியிருப்பதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மாவுக்கட்டுக் கையாலேயே புருஷனை நெட்டித் தள்ளிவிட்டு அண்ணன் மேல் குப்புற விழுந்தாள். அடுத்த உதை அவள் முதுகில் விழுந்தது.

"தள்ளுடி! இன்னைக்கு இவன முடிச்சுடுறேன்!"

"முடி! முடிச்சுட்டு ஜெயிலுக்குப் போ! வால்வு வெச்ச ஆளு, உன் கடையில செத்துக் கெடந்தா கொல கேஸுய்யா! உன்னத் தூக்குல போடுவாங்க!"

கார்த்திகேசனின் கால் நின்றது. அவன் வெளியே ரோட்டைப் பார்த்தான், தரையில் சிந்தியிருந்த ரத்தத்தைப் பார்த்தான். முகம் வெளுத்தது. ஓடிவிடலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

நித்யா அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"தூக்குய்யா. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. பொழச்சுக்குவான். இவனக் காப்பாத்திக் குடு, நான் எங்கயும் போவமாட்டேன். போலீசுக்குப் போவமாட்டேன், அம்மா வூட்டுக்குப் போவமாட்டேன். நீ அடி, மிதி, எவன்கிட்டயும் வாயத் தெறக்கமாட்டேன். சாவுற வரைக்கும் இங்கயே கெடக்குறேன். எங்கண்ணன மட்டும் காப்பாத்திக் குடு."

கார்த்திகேசன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"சத்தியமா?"

"சத்தியமா."

பிரகாஷ் தரையில் கிடந்து இந்த வியாபாரத்தைக் கேட்டான். வேண்டாம் என்று சொல்ல நாக்கைப் புரட்டினான். எச்சில்தான் வழிந்தது.

அவனுடைய குட்டியானையிலேயே, மீன் நாற்றத்தில், தங்கையின் மடியில் தலைவைத்து அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். வண்டியை ஓட்டியது கார்த்திகேசன். தைலம்மாள் அப்போதுதான் வெளியே வந்தாள். கார்த்திகேசன் தன் வாயில் ரத்தம் ஒழுக மச்சானை அடிபடாத தோளில் போட்டுக்கொண்டு ஓடியதைத்தான் அவள் பார்த்தாள். பார்த்ததை ரோடு முழுக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் இவனே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினானாம், வாட்ச்மேன் சொன்னான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிணம்தான் என்று டாக்டர் சொன்னார். யார் இல்லை என்பது?

உறைந்த கட்டியைக் கரைக்கும் மருந்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வால்வின் இதழ் மறுபடி அசைய ஆரம்பித்தது. உயிர் தங்கியது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு சுத்தமாக வரவில்லை. வருமா என்று கேட்டதற்கு டாக்டர், "பயிற்சி குடுத்துப் பாப்போம்மா" என்றார்.

பல நாளாக அவன் மாத்திரை போடவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும், ஜெனிபர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "மாதா மேல சத்தியம் பண்ணியேய்யா! உன்ன நம்புனேனே! உனக்கு நான் இன்னா கொற வெச்சேன், எதுக்குய்யா நிறுத்துன?" எதுக்கு என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை.

கார்த்திகேசனுக்கு வாய் இருந்தது. வீங்கின தாடையோடு அவன் எல்லாவற்றையும் சொன்னான். மச்சான் தன்னை அடிக்க வந்ததைச் சொன்னான், அடித்ததைச் சொன்னான், உயிருக்குப் பயந்து தான் கத்தி வீசியதைச் சொன்னான், போன பல்லைக் காட்டினான். "அடிச்சா அடிச்சுட்டுப் போறாரு அத்த. நானும் தப்புப் பண்ணவன்தான். கீழ விழுந்தவர அப்டியே வுட மனசு வருமா? மச்சான் இல்லியா?" தான் உதைத்ததை மட்டும் சொல்லவில்லை. நித்யா போட்ட சத்தியத்தைச் சொல்லவில்லை. சவரிமேரி அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாப்பிள்ளை இனிமேல் அவளுக்குத் தங்கம். பங்குச் சாமியார்கூட வந்து பார்த்துவிட்டு, பகைவனை மன்னித்த மனிதர் என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கடலூருக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, கார்த்திகேசனும் நித்யாவும் பார்க்க வந்தார்கள். கையில் ஹார்லிக்ஸ், ஆப்பிள். நித்யாவின் இடது கண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு கறுப்பு. முந்தானையை இழுத்து மூடியிருந்தாள். சவரிமேரி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஆப்பிளை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"வரேன் மச்சான். ஒடம்பப் பாத்துக்க. உன் தங்கச்சிய நான் பாத்துக்குறேன்" என்று கார்த்திகேசன் குனிந்தான்.

பிரகாஷின் இடது கை அவன் சட்டையைப் பிடித்தது. உடம்பில் மிச்சமிருந்த பலமெல்லாம் அந்த ஒரு கைக்கு வந்திருந்தது. காலர் பட்டன் தெறித்தது. கழுத்தை இறுக்கி அவனைக் கட்டிலோடு இழுத்தான். கார்த்திகேசனுக்கு மூச்சுத் திணறியது. பிரகாஷின் தொண்டையிலிருந்து வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அலறல் வந்தது. அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

"நன்றி சொல்லத்தான் துடிக்கிறான் மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சவரிமேரி பதறினாள்.

ஜெனிபர் ஓடிவந்தாள். "வுடுங்க. உசுரக் குடுத்த மனுசன், வுடுங்க!" என்று அழுதுகொண்டே புருஷனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரலைப் பிரிக்க அவள் நகத்தால் கீற வேண்டியிருந்தது.

நித்யா அண்ணன் முகத்துக்கு அருகே குனிந்தாள். "எனக்குத் தெரியும்ணா, நீ இன்னா சொல்றன்னு" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "சத்தியம் பண்ணிட்டேன். நீ மாத்திரைய ஒழுங்கா போடு."

கார்த்திகேசன் சட்டையை நீவிச் சரிசெய்துகொண்டு, மாவுக்கட்டுக்கு மேலே அவள் கையைப் பற்றிக் கூட்டிக்கொண்டு போனான். சவரிமேரி வாசல்வரை போய் இரண்டு பேரையும் வழியனுப்பிவைத்தாள்.